லுவார் கரையில் விடுமுறை: நாளுக்கு ஒரு மாளிகை போதும்

பாரிஸிலிருந்து காலையில் பேருந்தில் ஏறி ஷாம்போர், ஷெனோன்சோ, அம்புவாஸ் மூன்று மாளிகைகளையும் தொட்டுவிட்டு இரவே திரும்பும் ஒருநாள் சுற்றுலாவில்தான் பலரும் பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். அப்படிப் போனால் கடைசியில் மனதில் தங்குவது வாகன நிறுத்துமிடமும் நுழைவு வரிசையும்தான். ஐந்து இரவாவது தங்க முடிந்தால் மட்டும் போங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய மாளிகை, மிஞ்சினால் மாலையில் இன்னொரு சிறியது. அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது மாளிகையில் நுழையும்போது எந்த ராஜா எந்தக் கட்டிலில் படுத்தார் என்பதெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். பிள்ளைகள் அதற்கு முன்பே சோர்ந்துவிடுவார்கள்.

இந்த ஊர்ப்பக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு கல்லைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. துஃபோ என்பார்கள். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்த வெளிர் சுண்ணாம்புக்கல். மலையிலிருந்து வெட்டும்போது ஈரமாக, ரம்பத்தால் அறுக்கும் அளவுக்கு மென்மையாக இருக்கும். காற்றுப் பட்டுக் காய்ந்ததும் இறுகும். நுணுக்கமாகச் செதுக்க வசதியான கல். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர்களும் அவர்களுடைய கஜானா அதிகாரிகளும் போட்டி போட்டுக்கொண்டு மாளிகை கட்டியது இந்தக் கல்லில்தான். கல்லை எடுத்த இடங்கள் மலைக்குள் நீண்ட குகைகளாக மிஞ்சின. அந்தக் குகைகளில்தான் இன்றும் ஒயின் கிடக்கிறது, காளான் வளர்கிறது, சிலர் வீடாக்கிக் குடியும் இருக்கிறார்கள். ஆகவே மாளிகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது பாதிப் பயணம். காலையில் கல் போய்ச் சேர்ந்த இடம், பிற்பகலில் கல் கிளம்பிய இடம் என்று நாளைப் பிரித்துக்கொண்டால் இந்தப் பள்ளத்தாக்கு கச்சிதமாகப் பிடிபடும். கோடையில் அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நீங்கள் 12 டிகிரிக் குகைக்குள் இருப்பீர்கள்.

எப்போது, எங்கே தங்குவது

சுல்லி என்ற ஊரிலிருந்து ஷலோன் வரை ஏறக்குறைய 280 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றங்கரையை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரே விடுமுறையில் முழுவதையும் பார்க்க நினைக்க வேண்டாம். நடுப்பகுதியான தூரேன்தான் முதல் பயணத்துக்குப் பொருத்தம்.

கார் இல்லாதவர்கள் தூர் நகரில் தங்கட்டும். அங்கிருந்து அம்புவாஸ், ஷெனோன்சோ, லான்ஜே, ஆஸே-லெ-ரிதோ, ஷினோன், சோமூர் எல்லாவற்றுக்கும் வட்டார ரயில் உண்டு. பெரும்பாலும் 20 நிமிடத்திலிருந்து 50 நிமிடத்துக்குள் போய்விடலாம். கார் வைத்திருப்பவர்களுக்கு அம்புவாஸ் வசதி: ஷெனோன்சோ 15 கிலோமீட்டருக்குள், வூவ்ரே திராட்சைத் தோட்டங்கள் தூர் போகும் வழியிலேயே. ஷாம்போர், ஷெவெர்னி, ஷோமோன் மூன்றும்தான் முக்கியம் என்றால் ப்ளுவா. ஒயினே முக்கியம் என்றால் மேற்கே தள்ளி ஷினோன் அல்லது சோமூர். ஒரு வாரத்துக்கு ஒரே இடம் போதும். இரண்டு வாரம் என்றால் ஒருமுறை இடம் மாற்றுங்கள். தினமும் பெட்டி கட்டும் பயணத்தில் வாடகை வீட்டுக்குள் நுழைவதும் சாவி கொடுப்பதுமே நாளைத் தின்றுவிடும்.

மே, ஜூன், செப்டம்பர் சிறந்த மாதங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆகஸ்டில் கூட்டமும் விலையும் உச்சம். பழைய வீடுகளில் ஏசி இருக்காது; வெப்ப அலை வந்தால் காலையிலேயே மரக் கதவுகளைச் சாத்தி, இரவில் திறப்பதுதான் ஊர் வழக்கம். கனமான துஃபோ சுவர் வீடு என்றால் அதுவே போதும், மாடி அறை என்றால் போதாது. முன்பதிவு செய்யும்போது அறை எந்தத் தளத்தில் என்று கேளுங்கள். குளிர்காலத்தில் மாளிகைகள் காலியாக இருக்கும், கட்டடத்தை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் தோட்டங்கள் வெறுமையாக இருக்கும், ஷாம்போருக்குள் குளிர் எலும்பைத் தொடும்.

ழீத் எனப்படும் முழு வீட்டு வாடகையில் நம் குடும்பங்கள் சிக்கும் இடங்கள் சில உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் தருவார்கள். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேராமல் இருக்கலாம். கடைசி நாள் வீட்டைத் துடைத்து ஒப்படைப்பது உங்கள் பொறுப்பு, அல்லது அதற்குத் தனிக் கட்டணம். முன்பணப் பிணைத்தொகையும் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்ற சுற்றுலா வரியும் தனி. இவற்றை முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள். சில நேரம் சிறிய ஹோட்டலே மலிவாக முடியும். சனி மாலை தாமதமாக வந்து சேர்ந்தால் மறுநாள் சமையலுக்கு எதுவும் கிடைக்காது. ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கிராமங்களில் கடை திறந்திருப்பது அபூர்வம். பாரிஸ் வழியாக வருபவர்கள் கார் து நோர் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பேல் தமிழ்க் கடைகளிலேயே அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை வாங்கி வந்துவிடுவது நல்லது. லுவார் கிராமச் சந்தையில் கத்தரிக்காயும் தக்காளியும் அருமையாகக் கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்காது.

போக்குவரத்தில் கோட்டைவிடும் இடங்கள்

பாரிஸ் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் ஒரு மணி நேரத்தை ஒட்டி உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். அவற்றில் பல தூர் நகருக்குள் வருவதில்லை. அருகிலுள்ள சாந்-பியேர்-தே-கோர் நிலையத்தோடு சரி. அங்கிருந்து ஐந்து நிமிட இணைப்பு ரயில். பயணச்சீட்டில் எந்த நிலையம் என்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தால் ரயில் போர்தோ பக்கம் கொண்டுபோய்விடும். ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்தும் இந்த நிலையத்துக்கு நேரடி ரயில்கள் உண்டு. பாரிஸுக்குள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெட்ரோ மாறத் தேவையில்லை. ப்ளுவா போகிறவர்களுக்கு ஓஸ்டர்லிட்ஸ் நிலையம்.

ஷெனோன்சோ ரயில் நிலையம் மாளிகை வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது. நடந்தால் சில நிமிடம். ஆனால் அந்தத் தடத்தில் ரயில்கள் குறைவு, இடையில் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விழும். இறங்கியதும் திரும்பும் ரயிலின் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு உள்ளே போங்கள். ப்ளுவாவிலிருந்து ஷாம்போர், ஷெவெர்னி போகும் பேருந்தும் பருவகாலத்தில் மட்டும், நாளுக்குச் சில முறை மட்டுமே. வில்லாந்ரிக்கு ரயில் நிலையமே கிடையாது. தூரிலிருந்து ஷேர் ஆற்றை ஒட்டி சைக்கிளில் போவதுதான் அழகான வழி.

கார் எடுப்பவர்கள் கவனிக்க: இயல்பாகக் கிடைப்பது கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள், விலையும் கூடும். இந்திய உரிமம் உள்ளவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருங்கள். வாடகை அலுவலகங்கள் மதியம் மூடும், ஞாயிறு பெரும்பாலும் விடுமுறை. சனி மாலை வந்து ஞாயிறு வண்டி எடுக்கலாம் என்று திட்டமிடாதீர்கள்.

கிராமச் சாலைகளில் இரண்டு விதிகளை மனதில் ஏற்றிக்கொண்டால் போதும். ஊர்ப்பெயர்ப் பலகையைத் தாண்டியதும், வேறு பலகை எதுவும் இல்லாவிட்டாலும், வேகவரம்பு 50. அதே பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்ட பலகை வந்தால் ஊர் முடிந்தது, பொதுவாக 80. அடுத்தது, வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிடும் விதி. மஞ்சள் வைரப் பலகை இருக்கும் சாலையில் நீங்கள்தான் முதல். அந்தப் பலகை குறுக்குக் கோட்டோடு வந்துவிட்டால், வலது சந்திலிருந்து வரும் டிராக்டருக்கு நீங்கள்தான் நிற்க வேண்டும். சந்து எவ்வளவு சின்னதானாலும் சரி. சுங்கச்சாவடியில் ஆரஞ்சு நிற ‘டி’ எழுத்து மட்டும் உள்ள தடம் மின்னணுக் கருவி வைத்திருப்பவர்களுக்கானது. கார்டு படம் போட்ட தடத்தில் போங்கள். ஆளில்லா பெட்ரோல் பங்குகள் சில வெளிநாட்டு கார்டை ஏற்காது, ஏற்றால் நிரப்பும் தொகையைவிடப் பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும். கால் டேங்க் இருக்கும்போதே சூப்பர்மார்க்கெட் பங்கில் நிரப்பிவிடுங்கள். டீசலுக்கு அங்கே ‘கஸ்வால்’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து கேஸோலின் என்று நினைத்துவிட்டால் எஞ்சினுக்குச் செலவு.

மாளிகைகளைப் பார்க்கும் முறை

ஷெனோன்சோவைத் திறக்கும் நேரத்தில் பாருங்கள், அல்லது மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. இடைப்பட்ட நேரம் பேருந்துகளுடையது. ஆற்றின் குறுக்கே நிற்கும் மாளிகை இது. ஷேர் நதி மேல் பாலம் கட்டியவர் இரண்டாம் ஆன்ரி மன்னனின் காதலி தியான் த புவாத்தியே; மன்னன் இறந்தபின் அவரை அங்கிருந்து வெளியேற்றிய அரசி காத்தரின் த மெதிசி அந்தப் பாலத்தின் மேல் மண்டபம் எழுப்பினார். 60 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 18 சன்னல்கள். தரையைக் குனிந்து பாருங்கள்: வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் கரும்பலகைக் கல்லும் சதுரங்கக் கட்டமாகப் பதித்தது. நடுவில் வெள்ளைக் கல் மட்டும் தேய்ந்து பள்ளமாகவும் கருங்கட்டம் அதைவிட மேடாகவும் இருப்பதைக் காலால் உணரலாம். காலையில் கிழக்குச் சன்னல் ஒளி சாய்வாக விழும்போது அந்த மேடுபள்ளம் துல்லியமாகத் தெரியும். முதல் உலகப் போரில் இந்த மண்டபம் முழுவதும் காயம்பட்ட வீரர்களின் கட்டில் வரிசை. மாளிகையை வைத்திருந்த மெனியே குடும்பம் சொந்தச் செலவில் மருத்துவமனை நடத்தியது. இரண்டாம் உலகப் போரில் ஷேர் நதியே எல்லைக்கோடு. வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியில், மண்டபத்தின் தென்கோடிக் கதவு மறுகரையில். அந்தக் கதவு வழியாகத் தப்பியவர்கள் உண்டு.

மண்டபத்தைப் பார்த்தபின் கீழே பாலத்தூண்களுக்குள் இருக்கும் சமையலறைக்கு இறங்குங்கள். படகில் வந்த பொருளை நேரே அடுப்படிக்கு ஏற்ற அங்கே வழி இருந்தது. பிள்ளைகளுக்கு மாளிகையிலேயே அதிகம் பிடிக்கும் இடம் இதுதான். படிகள் செங்குத்து, பெரியவர்களைக் கைபிடித்து இறக்க வேண்டும்.

ஷாம்போர் வேறு ரகம். 1519இல் முதலாம் பிரான்சுவா தொடங்கிய வேட்டை மாளிகை. நானூறுக்கும் மேற்பட்ட அறைகள், 282 கணப்படுப்புகள். கட்டிய மன்னன் அதில் தங்கியதோ தன் ஆட்சிக் காலம் முழுவதிலும் 72 நாள் என்பார்கள். அதனால் அறைகளில் பெரும்பாலும் தளவாடம் இல்லை. கீழிருந்து அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போனால் சலிப்புத் தட்டும். உள்ளே நுழைந்ததும் நடுவிலுள்ள இரட்டைச் சுருள் படிக்கட்டில் நேரே மொட்டைமாடிக்கு ஏறுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு சுருளில் ஏறினால் நடுத்தூண் சன்னல் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாம், ஆனால் சந்திக்க முடியாது. மாடியில் புகைபோக்கிகளுக்கும் கோபுரங்களுக்கும் இடையே ஒரு மணி நேரம் செலவிட்டபின் கீழே வாருங்கள். மாளிகையைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில், உள்ளே 5,440 ஹெக்டேர் காடு. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை கலைமான்கள் இணை தேடிக் கத்தும் காலம். அந்தி வேளையில் பார்வைக் குடில்களிலிருந்து அந்தக் குரலைக் கேட்கலாம். காட்டுக்குள் போனால் முழுக்கால் சட்டை போடுங்கள். உண்ணி உண்டு, அது லைம் நோயைப் பரப்பும். இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்துவிட்டுப் படுங்கள்.

கட்டண விஷயத்தில் ஒரு மாற்றம்: 2026 ஜனவரி முதல் ஷாம்போரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கூடுதல் கட்டணம். இந்தியா, இலங்கை, பிரிட்டன் எல்லாம் இதில் அடங்கும். ஷாம்போர், ஆஸே-லெ-ரிதோ போன்ற அரசு மாளிகைகளில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம். ஷெனோன்சோ, வில்லாந்ரி, ஷெவெர்னி, க்ளோ லூசே போன்றவை தனியார் கையில் இருப்பவை, பிள்ளைகளுக்கும் டிக்கெட் உண்டு. நான்கு பேர் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிய தொகை. எந்த மாளிகை என்று தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

வில்லாந்ரியில் வீட்டை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுக்கலாம், அது போதும். 1906இல் இதை வாங்கிய ஸ்பானிய மருத்துவர் ஹோவாகின் கார்வாயோ பழைய முறையில் மீட்டெடுத்த தோட்டம். முதலில் மேல்தளத்துக்கு ஏறி முழு வடிவத்தையும் பாருங்கள், பிறகு இறங்குங்கள். காய்கறித் தோட்டம் ஒன்பது சதுரங்கள். முட்டைக்கோஸ், பீட்ரூட், லீக்ஸ் எல்லாம் நிறம் பார்த்து நட்டிருப்பார்கள். வருடத்துக்கு இரண்டு நடவு. ஜூன் நடுவில் முதல் நடவைப் பிடுங்கி அடுத்ததை வைக்கும் சமயத்தில் போனால் வெறும் மண்தான் கண்ணில் படும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போனால் கண்கொள்ளாக் காட்சி.

அம்புவாஸில் அரண்மனைக்கும் க்ளோ லூசேவுக்கும் தனித்தனி டிக்கெட். லியனார்டோ டா வின்சி 1516இல் வந்து, 1519 மே 2 அன்று இறக்கும்வரை வாழ்ந்தது க்ளோ லூசேவில். கல்லறை அரண்மனைத் தேவாலயத்தில். பிள்ளைகளோடு போனால் க்ளோ லூசே: பூங்காவில் அவருடைய இயந்திரங்களைப் பெரிய அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், கைவைத்துச் சுற்றிப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையில் நடக்கும் தெருவில் பாறைக்குள் குடைந்த வீடுகளைக் கவனியுங்கள். சன்னலும் திரைச்சீலையும் போட்டு, மேலே புல்வெளியிலிருந்து புகைபோக்கி எட்டிப் பார்க்கும்.

ஆஸே-லெ-ரிதோ மாலைக்கு. மாளிகை ஆந்த்ர் ஆற்றுத் தீவில் நிற்கிறது, காற்று அடங்கிய பிறகுதான் நீரில் முழு பிம்பம் விழும். ஷினோன் கோட்டைக்கு ஊருக்குள்ளிருந்தே இலவச லிப்ட் இருக்கிறது. மூட்டுவலி உள்ளவர்கள் மேட்டுப் பாதையில் ஏற வேண்டாம். 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க் பட்டத்து இளவரசனைச் சந்தித்தது அங்கேதான். மேற்கே ஃபோந்தெவ்ரோ மடாலயத்தைத் தவறவிடாதீர்கள். இங்கிலாந்து அரசி எலியனோர் கையில் விரித்த புத்தகத்தோடு படுத்திருக்கும் கல்லறைச் சிற்பம், பக்கத்தில் கணவன் இரண்டாம் ஹென்றி, மகன் ரிச்சர்ட். இந்த மடம் 1804 முதல் 1963 வரை சிறைச்சாலையாக இருந்ததை அறிந்தபின் அந்த வெறுமையான கல் கூடத்தில் நிற்பது வேறு அனுபவம்.

குகைக்குள்: ஒயின் ருசிக்கும் நேரம்

லுவார் ஒயினில் நான்கு பெயர் தெரிந்தால் வழி கிடைக்கும். கிழக்கே சான்செர் பக்கம் சொவிஞ்ஞோன் வெள்ளை. நடுவில் வூவ்ரே, மொன்லூயி ஊர்களில் ஷெனான் வெள்ளை. ஷினோன், பூர்கேய், சோமூரில் கபர்னே பிரான் சிவப்பு. கடலை நெருங்கினால் நாந்த் பக்கம் மெலோன் என்ற திராட்சையில் செய்யும் மஸ்கதே. ஷெவெர்னி ஊரைச் சுற்றி மட்டும் ரொமொராந்தான் என்ற அரிய வெள்ளைத் திராட்சை உண்டு. வேறெங்கும் கிடைக்காத ஒன்றைக் குடிக்க விரும்பினால் கூர்-ஷெவெர்னி என்று கேளுங்கள்.

ஷெனானின் சிறப்பு ஒரே பழத்திலிருந்து பல வித ஒயின் வருவது. அந்த ஆண்டு இலையுதிர்காலம் குளிர்ச்சியாக இருந்தால் புளிப்புத் தூக்கலான பழம் நுரை ஒயினுக்குப் போகும். வெயில் நீண்டால் அறுவடை அக்டோபர் கடைசி வரை தள்ளிப்போய் இனிப்பு ஒயின் கிடைக்கும். அதனால் வூவ்ரே பாட்டிலில் செக் என்றால் இனிப்பற்றது, தெமி-செக் என்றால் இளம் இனிப்பு, முவெலு என்றால் நல்ல இனிப்பு. லேபிளில் எதுவும் எழுதாமலும் விற்பார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். காரமான நம் சமையலோடு தெமி-செக் அற்புதமாகப் பொருந்தும். மிளகாயின் காட்டத்தை அந்த இளம் இனிப்பு தணிக்கும், அடியில் இருக்கும் புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும்.

பெரிய நிறுவனங்களின் குகைகளுக்கு அப்படியே போகலாம். குடும்பமாகத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் போனால்தான் பேச்சும் ஒயினும் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு மூன்று நாள் முன்பே மின்னஞ்சலில் நேரம் கேட்க வேண்டும். மதியம் 12 முதல் 2 வரை யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். ஞாயிறு பலருக்கு விடுமுறை. செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலத்தில் போனால் கண்ணுக்கு விருந்து, ஆனால் உங்களோடு உட்கார அவர்களுக்கு நேரம் இருக்காது. காலை 10:30 அல்லது மாலை 4 மணி நல்ல நேரம். மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே 35 டிகிரி, உள்ளே 12. தரை ஈரமாக வழுக்கும், குதிகால் செருப்பு வேண்டாம்.

உள்ளே நடப்பது இப்படி. சுவரைத் தொட்டால் ரம்பமும் உளியும் போன சாய்வுக் கோடுகள் விரலில் தட்டுப்படும். அந்தக் கல் எங்கோ ஒரு மாளிகையிலோ தேவாலயத்திலோ சுவராக இருக்கிறது. பாட்டில்கள் பக்கவாட்டில் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டு, மேலே கரும்பூஞ்சை படிந்திருக்கும். அது அழுக்கில்லை, ஈரக் குகையின் இயல்பு. பிறகு ருசி: நுரை ஒயினில் தொடங்கி, செக், தெமி-செக், முவெலு என்ற வரிசை. இனிப்பை முதலில் குடித்துவிட்டால் பின்னால் வரும் எல்லாமே புளிக்கும், ஆகவே வரிசையை மாற்றக் கேட்காதீர்கள். ஊற்றுவது இரண்டு மூன்று வாய்தான். வாயில் சுழற்றிவிட்டுத் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒயின் தயாரிப்பவரே துப்பித்தான் ருசிப்பார்.

காரோட்டி கட்டாயம் துப்ப வேண்டும். சட்ட வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், புதிய ஓட்டுநருக்கு 0.2. சிறு குவளை இரண்டு குடித்தாலே பலருக்கு வரம்பு நெருங்கிவிடும். 0.8ஐ எட்டினால் அபராதத்தோடு முடியாது, குற்ற வழக்கு. ஒரு நாளைக்கு இரண்டு தோட்டத்துக்கு மேல் போகவே போகாதீர்கள். குடிக்காதவர்கள் சங்கடப்படத் தேவையில்லை. பல இடங்களில் சொந்தத் திராட்சையின் சாறு வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கும் அதுதான்.

சில இடங்களில் ருசிப்பது இலவசம், சில இடங்களில் சிறு கட்டணம். இலவசமாகக் கொடுத்த இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒரு பாட்டில்கூட வாங்காமல் எழுவது முறையல்ல. விலை பாரிஸ் கடையைவிடக் குறைவாகவே இருக்கும். ஷினோன் சிவப்பு வாங்கினால் மண்ணைக் கேளுங்கள்: ஆற்றோரச் சரளை மண்ணில் விளைந்தது இலேசானது, அந்த ஆண்டிலேயே குடிக்கலாம், துஃபோ சரிவில் விளைந்தது பல ஆண்டு தாங்கும். இரண்டையுமே கொஞ்சம் குளிர்ச்சியாக, 14 முதல் 16 டிகிரியில் குடிக்க வேண்டும். கோடை அறை வெப்பத்தில் திறந்தால் மது நெடி மட்டும் முன்னால் நிற்கும், பழத்தின் மணம் போய்விடும்.

சாப்பாடு, சைவம், சந்தை

மதிய உணவு 12 முதல் 1:30க்குள் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு மணிக்குச் சமையலறை மூடிவிடும். மாளிகையிலிருந்து 2:15க்கு வெளியே வருகிறவர்களுக்கு மிஞ்சுவது சாண்ட்விச். ஞாயிறு இரவும் திங்களும் பல உணவகங்கள் அடைப்பு. மதியம் அன்றைய உணவுத் தொகுப்பு மலிவு, இரவு அதே கடையில் கூடுதல். ‘உய்ன் கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம், ரொட்டியும் இலவசம், டிப்ஸ் கட்டாயமில்லை.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டிய ஊர் இது. சாலட் என்று வரும் தட்டில் லார்தோன் எனப்படும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் தூவியிருக்கும். ‘சான் லார்தோன்’ என்று முன்பே சொல்லுங்கள். சூப் பெரும்பாலும் கோழி எலும்புச் சாற்றில் வைத்தது. ரியெத் என்பது பன்றி இறைச்சி, தொட்டுக்கொள்ளும் சாந்துபோல் தெரிவதால் ஏமாற வேண்டாம். இங்குள்ள ஆட்டுப்பால் சீஸ்கள் உலகப் புகழ் பெற்றவை. நடுவில் வைக்கோல் தண்டு செருகிய சாந்த்-மோர், மேல் வெட்டிய பிரமிடு வடிவ வலான்சே, இரண்டுமே மேலே சாம்பல் பூசியவை. ஆனால் பால் உறைய விடுவது கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியில். கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்தபின் முடிவு செய்யட்டும்.

எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஏற்றது ஃபுவே. சோமூர், அம்புவாஸ் பக்கத்துக் குகை உணவகங்களில் விறகடுப்பில் நிமிடத்தில் சுட்டுத் தரும் சிறு ரொட்டி. பூரிபோல உப்பி வரும். சூட்டோடு கிழித்து உள்ளே வெள்ளை மொச்சை, ஆட்டுப்பால் சீஸ், காளான் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பதிவு இல்லாமல் கோடையில் இடம் கிடைக்காது.

அம்புவாஸில் ஆற்றங்கரையில் ஞாயிறு காலைச் சந்தை, சோமூரில் சனி, ஷினோனில் வியாழன், லோஷில் புதனும் சனியும். ஒன்பது மணிக்குப் போங்கள்; பன்னிரண்டரைக்கெல்லாம் கட்டி ஏறிவிடுவார்கள்.

ஆறும் சைக்கிளும்

லுவார் பார்க்கச் சாதுவாக இருக்கும். கோடையில் மணல்திட்டுகள் வெளியே தெரியும், முழங்கால் ஆழம்தான் என்று தோன்றும். இறங்காதீர்கள். மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு அடி தள்ளி ஆளை இழுக்கும் பள்ளமும் சுழியும் இருக்கும். வருடாவருடம் இதில் உயிர் போகிறது. பிள்ளைகளுக்கு நீர் வேண்டுமென்றால் தட்டையான அடிப்பாகம் கொண்ட படகில் சவாரி இருக்கிறது, ஏரிக்கரைக் குளியலிடங்கள் இருக்கின்றன.

ஆற்றோரமாக ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை ஓடுகிறது. பெரும்பாலும் சமதளம். இங்கே காற்று அதிகமாக மேற்கிலிருந்து வீசும். ஆகவே ஆறு ஓடும் திசையில் மேற்கே மிதிப்பது எளிது என்று நம்பிக் கிளம்பினால் நாள் முழுக்க எதிர்க்காற்று. சோமூரில் தொடங்கிக் கிழக்கே வாருங்கள். குடும்பத்துக்கு நாளுக்கு 30, 40 கிலோமீட்டர் போதும். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடும் வாடகைக் கடைகள் உண்டு, திரும்ப ரயிலில் வரலாம். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். திராட்சைத் தோட்டங்கள் மேட்டில் இருப்பவை; பாதையை விட்டு அங்கே ஏற நினைத்தால் மின்சார சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலை வீடு சேர்ப்பது

கோடையில் ஒயினைக் காரில் விட்டுவிட்டு மாளிகைக்குள் போகாதீர்கள். அடைத்த கார் ஐம்பது டிகிரியைத் தாண்டும். தக்கை மேலே தள்ளி, ஓரத்தில் பிசுபிசுவென்று கசியும், உள்ளே இருப்பது வெந்துவிடும். ஒயின் வாங்குவதை நாளின் கடைசி வேலையாக வையுங்கள், நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரோரத் தரையில் படுக்கப்போடுங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதியில்லை, சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்: ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, தடித்த துணியில் சுருட்டி, பெட்டியின் நடுவில், சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் எட்டாமல். நுரை ஒயின் பாட்டிலின் கண்ணாடி தடிப்பு, எடையும் கூடுதல். ஆறு பாட்டில் பத்து கிலோவைத் தொடும். இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர், அதாவது 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு. மூன்றாவது பாட்டில் 250 மில்லிலிட்டர் வரம்பு மீறும். பிரிட்டனுக்குத் திரும்புகிறவர்களுக்கு நுரையற்ற ஒயின் 18 லிட்டர் வரை உண்டு. இரண்டே பாட்டில்தான் கொண்டுபோக முடியும் என்றால் ஒன்று தெமி-செக் வூவ்ரே, மற்றொன்று சரிவு மண்ணில் விளைந்த ஷினோன்.